நெற்றி வியர்த்து, பாதம் சில்லிட்ட பிள்ளை: திருகோணமலை நகரில் ஒரு தேள் கொட்டு

இது ஒரே நோயாளியின் கோப்பு அல்ல. தேள் கொட்டில் வழமையாக நடக்கும் தவறுகளும் திருத்தங்களும் ஒரே இடத்தில் தெரியும்படி, கற்பித்தலுக்காகக் கோர்த்த மாதிரி நிகழ்வு. பிள்ளையின் வயது, நிறை, கடிகார நேரம், வளவில் எண்ணிய தேள்கள் எல்லாம் கணக்கைக் காட்ட இட்டவை. மருந்தளவுகள் நடைமுறையில் உள்ளவை. ஆனால் அவை வைத்தியசாலைக்கு உரியவை, வீட்டில் கொடுத்துப் பார்ப்பதற்கு அல்ல.

நிகழ்வு

ஐப்பசிக் கடைசி. கச்சான் ஓய்ந்து, வாடைக்கு முந்திய பெருமழை இரண்டு நாளாக விட்டுவிட்டுப் பெய்கிறது. உப்புவெளிப் பக்கம் ஓட்டுக் கூரை வீடு. பின்புறம் சுவர் மட்டத்தோடு நின்றுபோன அறை ஒன்று, அதற்கென்று இறக்கிய சிமெந்துக் கல் ஒன்றரை வருடமாக மதிலோரம் அடுக்கியபடி. இரவு 7.40க்கு நாலு வயதுப் பெண்பிள்ளை, நிறை 14 கிலோ, வெறுங்காலோடு பின்வாசல் படியில் இறங்குகிறாள். வலது கால் பெருவிரலில் கொட்டு.

தகப்பன் செருப்பால் அடித்த தேள் சிவந்த மண்ணிறம், பெரியவரின் நடுவிரலை விடக் கொஞ்சம் குட்டை, இடுக்கி மெலிவு, வால் தடிப்பு. அம்மம்மா கணுக்காலுக்கு மேல் சீலைத்துண்டால் இறுக்கிக் கட்டி, கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவினார். பிள்ளை பத்து நிமிடம் வீரிட்டு அழுது பிறகு சற்று அடங்கினாள். அடங்கியதைப் பார்த்து வீடும் அடங்கிவிட்டது.

8.10க்கு முதல் சத்தி. கால் மணியில் இன்னொன்று. "இரவுச் சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லப் போல" என்றார் அம்மம்மா. மழைக் குளிரில் மற்றவர்கள் போர்த்திக்கொண்டிருக்க, பிள்ளையின் சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. வாயோரம் உமிழ்நீர். 8.40க்கு அருகிலிருந்த தனியார் மருந்தகத்துக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே ஒவ்வாமைக்கான குளோர்பெனிரமின் ஊசியும் ஸ்ரெரொயிட் வகையான ஐதரோகோட்டிசோனும் போட்டு, 'நித்திரை கொண்டால் சரியாகும்' என்று அனுப்பினார்கள். பிள்ளை நித்திரையும் கொண்டாள். கால் ஐஸ் மாதிரி இருக்கிறது என்று தாய் கவனித்ததால்தான் 9.25க்கு ஓட்டோவில் அரசாங்க வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தேள் கொட்டுக்கும் அதை அழைக்கலாம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

9.30க்கு எடுத்த அளவுகள்: நாடி நிமிடத்துக்கு 168, குருதி அமுக்கம் 128/92, மூச்சு 40, ஒட்சிசன் 96 சதவீதம். நகத்தை அமுக்கி விட்டால் நிறம் திரும்ப நாலு செக்கன். நெற்றி நனைந்திருக்கிறது, பாதம் சில்லென்று வெளிறியிருக்கிறது. கொட்டிய விரலில் வீக்கம் இல்லை, சிவப்புக்கூட அரிதாகவே தெரிகிறது. ஈசிஜியில் வேகமான ஒழுங்கான துடிப்பு, உயர்ந்து கூர்த்த டி அலைகள்.

எந்தத் தேள் என்ற கேள்வி

வந்தவுடன் எல்லாரும் எட்டிப் பார்த்தது பிளாஸ்ரிக் பைக்குள் நசுங்கிக் கிடந்த தேளைத்தான். இலங்கையில் பதினெட்டு இனத்துக்குமேல் தேள்கள் இருந்தாலும் உயிருக்கு ஆபத்தான நிலையை உண்டாக்குவதாக நன்கு ஆராயப்பட்டது ஒன்றுதான்: இந்தியச் செந்தேள், ஹொட்டன்ரொட்டா தமுலுஸ். 1798இல் ஃபப்ரீசியஸ் வைத்த பெயரிலேயே தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது கொட்டி வைத்தியசாலைக்கு வந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. வளவில் கல்லைப் புரட்டினால் வெளியே வரும் பெரிய கறுத்த நட்டுவக்காலி பார்க்கப் பயங்கரம், வலியும் கடுமை, ஆனால் ஆளை விழுத்துவது அரிது. பொதுவிதி ஒன்று உண்டு. இடுக்கி தடித்து வால் மெலிந்தால் பிடித்து நெரித்து உண்பது, இடுக்கி மெலிந்து வால் தடித்தால் விஷத்தை நம்பி வாழ்வது.

விதி நல்லது. ஆனால் நசுங்கிய உடலில் அதைப் பார்க்க முடியாது, இருட்டில் கொட்டிவிட்டு ஓடிய தேளிலும் பார்க்க முடியாது. யாழ்ப்பாணத்தில் காணும் தேள் லொறியில் ஏறித் திருகோணமலைக்கு வராது என்று யாரும் உத்தரவாதம் தரவும் முடியாது. பழைய ஓடு, பனஞ்சலாகை, விறகு, கல் எல்லாம் A9, A12 நெடுஞ்சாலைகள் வழியாகப் பயணம் செய்கின்றன. ஒரு சூல்கொண்ட தேள் போதும். ஆகவே படுக்கைப் பக்கத்தில் இனம் கண்டுபிடிப்பதில் நேரம் போக்கக்கூடாது. கேட்க வேண்டியவை வேறு: சத்தி எடுத்ததா, வியர்க்குதா, வாய் ஊறுதா, கைகால் சில்லிட்டிருக்கா? ஆண்பிள்ளையானால் உடுப்பை விலக்கிக் குறி விறைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெட்கத்தில் தவறவிடப்படும் அடையாளம் அது.

செந்தேள் விஷம் நரம்பு முனைகளின் சோடியக் கால்வாய்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது, பொற்றாசியக் கால்வாய்கள் சிலவற்றை அடைக்கிறது. முதலில் சற்று நேரம் சத்தி, வியர்வை, உமிழ்நீர், மெதுவான நாடி. அதன்பின் நீண்ட இரண்டாம் கட்டம்: அட்ரினலின் வகைப் பொருட்கள் அணை உடைத்தாற்போல் இரத்தத்தில் கொட்டுகின்றன. தோலிலும் கைகாலிலும் உள்ள குழாய்கள் சுருங்குகின்றன, அமுக்கம் ஏறுகிறது, அந்தச் சுமைக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இதயம் களைக்கிறது. களைத்தால் நுரையீரலில் நீர் கோர்க்கும். நெற்றி வியர்வையும் குளிர்ந்த பாதமும் ஒரே பிள்ளையில் சேர்ந்து நிற்பது இந்த இரண்டாம் கட்டத்தின் கையொப்பம். வலி குறைந்துவிட்டதே என்ற ஆறுதலும் பிழையானது. விஷம் உடலெங்கும் பரவியவர்களில் கொட்டிய இடத்து வலி குறைவாக இருப்பது பழக்கமான காட்சி.

மருந்தகத்தில் நடந்ததற்கு வருவோம். தேள் கொட்டு ஒவ்வாமை அல்ல. குளோர்பெனிரமின் விஷத்தைத் தொடாது. பிள்ளையைத் தூங்கவைத்து அமைதியின்மையை மறைக்கும், நாடியையும் கொஞ்சம் ஏற்றும். ஸ்ரெரொயிட்டால் பயன் இல்லை. இவற்றை விடக் கெடுதியானது அற்றோப்பின். வியர்வையையும் உமிழ்நீரையும் பார்த்துப் பூச்சிமருந்து குடித்தவருக்குப் போடுவதுபோல் போட்டால், தானாக அடங்கப்போகும் முதற்கட்டம் மட்டும் அடங்கி, இரண்டாம் கட்டத்துக்கு இருந்த ஒரே கடிவாளமும் கழன்றுவிடும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீற்றா தடுப்பிகளும் வேண்டாம்.

பிரசோசின்: 0.42 மில்லிகிராமின் கணக்கு

மகாராஷ்டிராவின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980களில் செந்தேள் கொட்டுக்குப் பிரசோசின் கொடுத்துக் காட்டினார். அதற்குமுன் பாதிப்பு முற்றியவர்களில் நூற்றுக்கு முப்பதுக்குமேல் இறந்த இடத்தில், பின்னர் இறப்பு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. மருந்து பழைய குருதி அமுக்க மாத்திரை, விலை அற்பம். அட்ரினலின் வந்து தொடும் அல்பா ஏற்பிகளை அது மூடுகிறது. குழாய்கள் விரிய, இதயத்தின் சுமை இறங்குகிறது. 2011இல் வெளியான அவருடைய பரிசோதனையில் பிரசோசினோடு தேள் எதிர்விஷமும் சேர்த்துக் கொடுத்தவர்கள் இன்னும் விரைவாகத் தேறினார்கள். ஆனால் எதிர்விஷம் அலுமாரியில் இல்லாத வைத்தியசாலையிலும் பிரசோசின் இருந்தால் பெரும்பகுதி வேலை நடக்கும்.

அளவு: பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், பெரியவர்களுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம். இந்தப் பிள்ளைக்கு 14 தர 30, அதாவது 420 மைக்ரோகிராம், 0.42 மில்லிகிராம். கையில் இருந்தது 1 மில்லிகிராம் மாத்திரை. கால் துண்டு, அரைத் துண்டு என்று உடைப்பது இங்கே சரிவராது. மாத்திரையைத் தூளாக்கி 10 மில்லிலீற்றர் நீரில் கலக்கி, 4.2 மில்லிலீற்றர் எடுத்தார்கள். இதில் ஒரு சில்லறை விஷயம் உண்டு, ஆனால் சில்லறை அல்ல: பிரசோசின் நீரில் எளிதில் கரையாது, தூள் அடியில் தங்கும். குலுக்கி உடனே சிறிஞ்சில் இழுக்காவிட்டால் முதலில் எடுப்பவருக்கு வெறும் தண்ணீரும் கடைசியில் எடுப்பவருக்கு முழு மருந்தும் போகும். மெதுவாக வெளிவரும் வகை மாத்திரையை (பெட்டியில் எக்ஸ்எல் என்றிருக்கும்) இதற்கு எடுக்கக்கூடாது. சத்தி நிற்கவில்லையானால் மூக்குக் குழாய் வழி. வெறும் வலி மட்டும் உள்ளவருக்கு 'முன்னெச்சரிக்கை' என்று பிரசோசின் கொடுப்பதும் பிழை.

9.50க்கு முதல் வேளை. அதற்குமுன் வலிக்கு விரல் அடியில் இரு பக்கமும் விறைக்கச் செய்யும் 1 சதவீத லிக்னோகெயின் பக்கத்துக்கு 1 மில்லிலீற்றர், அட்ரினலின் கலக்காதது. மொத்தம் 20 மில்லிகிராம். கிலோவுக்கு 3 என்ற உச்ச வரம்பு இவளுக்கு 42. இந்த ஊசிக்கு இன்னொரு பயனும் உண்டு. வலி போன பிறகும் நாடி 150க்குமேல் நின்றால் அது அழுகையால் வந்த வேகம் அல்ல, விஷத்தால் வந்தது. இவளுக்கு 156இல் நின்றது. கணுக்கால் கட்டை அவிழ்த்தபோது தோலில் தடம் பதிந்திருந்தது. கட்டினால் விஷம் நிற்காது, விரல்தான் கெடும்.

10.35க்கு தவறு நடந்தது. பிள்ளை சலம் கழிக்க வேண்டும் என்று முனக, தாய் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் நடந்தார். பத்தடி போவதற்குள் பிள்ளையின் தலை தொங்கியது. குருதி அமுக்கம் 68/36. இந்த வயதில் கீழ் எல்லை 70உடன் வயதின் இருமடங்கு, அதாவது 78. பிரசோசின் முதல் வேளைக்குப் பிறகு நிமிர்த்தினால் இரத்தம் காலுக்கு இறங்கிவிடும். சத்தியாலும் வியர்வையாலும் ஏற்கெனவே உடல் வற்றியிருந்தது வேறு. கிடத்தி, காலை உயர்த்தி, கிலோவுக்கு 10 மில்லிலீற்றர் கணக்கில் 140 மில்லிலீற்றர் சேலைன். அதை ஏற்றி முடித்ததும் நுரையீரல் அடிப்பகுதியைக் கேட்டுப் பார்த்தார்கள், ஏனென்றால் அதே நீர் களைத்த இதயத்துக்கு அதிகமாகவும் போகலாம். இருபது நிமிடத்தில் 92/58. "அம்மா, மூண்டு மணித்தியாலத்துக்குப் பிள்ளையத் தூக்கவே வேண்டாம். படுத்தபடி பாத்திரம் வைப்பம்." இதை மாத்திரை கொடுத்த கையோடு சொல்லியிருக்க வேண்டும். கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் கடமை மாறும் தாதியும் பார்ப்பார்.

பிறகு நடந்தது ஒழுங்குப்படி. நாடி, அமுக்கம், மூச்சு முதல் மூன்று மணித்தியாலம் அரைமணிக்கு ஒருமுறை, அடுத்த ஆறு மணித்தியாலம் மணிக்கு ஒருமுறை, அதன்பின் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. பராமரிப்பு நீர் நாளுக்கு 1200 மில்லிலீற்றர், மணிக்கு 50. 12.50க்குப் பாதம் இன்னும் குளிர், ஆகவே இரண்டாவது வேளை அதே 0.42. அதிகாலை 3.50க்குப் பாதம் சூடு, நாடி 118. பிரசோசினை நிறுத்தும் இடம் அதுதான்: கைகால் சூடேறுவது. மூன்றாவது வேளை கொடுக்கவில்லை. இருமல், மூச்சு வேகம் ஏறுவது, நெஞ்சில் நுரைச்சத்தம் வந்திருந்தால் தலைமாட்டை உயர்த்தி, ஒட்சிசன் வைத்து, இதயத் துடிப்பின் வலுவைக் கூட்டும் டொபியூற்றமினோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டும். தேவைப்படவில்லை. 36 மணித்தியாலத்தில் ஈசிஜியும் தெளிந்து வீடு.

வளவில்

மூன்றாம் நாள் இரவு பொது சுகாதார பரிசோதகர் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வளவைச் சுற்றினார். கையில் கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா ரோச் லைற். தேளின் மேலோடு அந்த ஒளியில் பச்சை நீலமாக மின்னும். 365 முதல் 395 நானோமீற்றர் என்று எழுதிய எந்த லைற்றும் போதும். நிலவில்லாத இரவு, மழை விட்ட பிறகு, எட்டு மணிக்குமேல். முழுச் சப்பாத்து, தடித்த கையுறை, 25 சென்ரிமீற்றருக்குக் குறையாத இடுக்கி, வாய் அகன்ற போத்தல். தோல் கழற்றிய புதிதில் தேள் மின்னாது என்பதால், மின்னவில்லை என்றவுடன் கையை விடக்கூடாது.

நாற்பது நிமிடத்தில் ஐந்து. மூன்று சிமெந்துக் கல் அடுக்கில், அதிலொன்று முதுகில் வெள்ளைக் குஞ்சுகளோடு. தேள் முட்டை இடாது, குஞ்சாகவே ஈனும், முதல் தோல் கழற்றும்வரை சுமக்கும். அந்த ஒன்றை விட்டிருந்தால் அடுத்த மழைக்கு இருபது. நாலாவது பழைய வலைக் குவியலுக்குள். ஐந்தாவது குசினியிலிருந்து கழிவுநீர் போகும் கானின் வெடிப்பில், அதைச் சுற்றி கரப்பான் ஓடுகளும் கால்களும். அந்த வெடிப்புத்தான் முழு வளவுக்கும் விளக்கம். தேள் வீட்டுக்கு வருவது மனிதரைத் தேடி அல்ல, கரப்பானைத் தேடி. கரப்பான் வருவது கானைத் தேடி. மழை பொந்தில் நீர் நிரப்பினால் இரண்டும் படியேறும். பிறேசிலில் மஞ்சள் தேள் இதே வழியில்தான் பெருநகரங்களின் நிலக்கீழ்க் கழிவுக் குழாய்களைப் பிடித்தது. அந்த இனத்தில் ஆண் இல்லாமலே பெண் குஞ்சு ஈனும் என்பதால் பரவலுக்குத் தடையே இல்லை. 2017இலிருந்து அங்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குமேல் கொட்டுகள் பதிவாகின்றன.

அயலார் கேட்டது ஒன்றே: "ஐயா, டெங்குக்கு அடிக்கிற மாதிரிப் புகை அடியுங்கோவன்." புகை நுளம்புக்கு. பொந்துக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கக்கூடிய தேளை அது கொல்லாது, குழப்பி வெளியே துரத்தும். அடித்த இரவில் கொட்டு கூடலாம். பிறேசிலின் சுகாதார அமைச்சும் தேளுக்குப் பூச்சிமருந்து வேண்டாம், தேடிப் பிடியுங்கள் என்றே சொல்கிறது.

செய்தது மலிவான வேலைகள். கல் அடுக்கைச் சுவரிலிருந்து பிரித்து, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரச்சட்டத்தில் ஏற்றினார்கள். பின்கதவின் கீழ் இரண்டு விரல் இடைவெளிக்குப் பழைய ரயர் ரியூப்பை நீளமாக வெட்டி, நிலத்தைத் தொடும்படி ஆணியடித்தார்கள். ஆணியை நடுவில் மட்டும் அடித்தால் ஓரம் சுருளும், தேள் ஓரத்தால்தான் வரும். கான் வெடிப்பைச் சிமெந்தால் பூசி, வாய்க்கு நுளம்பு வலை. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நான்கு காலையும் வழுவழுப்பான கண்ணாடிப் போத்தல் அடிகளில் நிறுத்தினார்கள். கண்ணாடியிலும் மினுங்கும் ஓட்டிலும் தேளுக்கு ஏறப் பிடி கிடையாது, ஆனால் கட்டில் விரிப்பு நிலத்தில் தொங்கினால் அதுவே ஏணி. பள்ளிச் சப்பாத்தைத் தட்டிப் போடுவது எல்லாருக்கும் தெரியும், காலை அவசரத்தில் யாரும் செய்வதில்லை. சப்பாத்தை இரவில் ஆணியில் மாட்டிவிட்டால் தட்ட மறந்தாலும் பரவாயில்லை.

எண்ணிக்கையில் வராதவர்கள்

இந்தப் பிள்ளை விடுதியில் சேர்க்கப்பட்டதால் கோப்பில் T63.2 என்றும், X22 என்றும் குறியீடு விழும்: முதலாவது தேள் விஷம், இரண்டாவது தேளோடு நேர்ந்த தொடர்பு. அதே வாரம் வெளிநோயாளர் பிரிவில் வலி ஊசி போட்டுக்கொண்டு போனவர், மருந்தகத்தோடு நின்றவர், வெங்காயம் தேய்த்துக்கொண்டு வீட்டிலிருந்தவர் எங்கும் இல்லை. தேள் கொட்டு அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இல்லாததால் அவர்களைத் தேடிப் போகவும் வழியில்லை. கள்ளனுக்குத் தேள் கொட்டினாற்போல என்பார்கள்; இங்கே கள்ளத்தனம் எதுவுமில்லாமலே சத்தம் வெளியே வராமல் போகிறது. அதன் விளைவு நேரடியானது: எண்ணிக்கை இல்லாத இடத்தில் எத்தனை மாத்திரை கேட்டு வாங்குவது என்று மருந்துக் களஞ்சியத்துக்குத் தெரியாது.

வெளிநோயாளர் பிரிவில் ஒரு சீ.ஆர். கொப்பி போதும். கொட்டிய நேரம், வந்த நேரம், உடலில் எந்த இடம், வீட்டில் எந்த இடம், கிராம உத்தியோகத்தர் பிரிவு, நிறை, சத்தி வியர்வை குளிர் மூன்றில் எது இருந்தது, பிரசோசின் கொடுத்த நேரம். 'வீட்டில் எந்த இடம்' என்ற நிரலில் 'வீட்டில்' என்று எழுதுபவர்கள் இருப்பார்கள், அதை ஏற்கக்கூடாது. படியா, குளியலறையா, படுக்கையா, கல் அடுக்கா என்று கேட்டு எழுத வேண்டும். ஒரு மாரிக்குப் பிறகு அந்த நிரலை மட்டும் எண்ணினாலே பரிசோதகர் எந்த ஒழுங்கையில் முதலில் லைற்றோடு இறங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். தேளைக் கொண்டுவருபவர் கொண்டுவரட்டும், 70 சதவீத அல்கஹோலில் போட்டு, திகதியும் இடமும் பென்சிலால் எழுதி உள்ளே போட வேண்டும். பேனா மை அல்கஹோலில் கரைந்துவிடும்.

மூன்று கிழமை கழித்து அதே வளவில் மறுபடி லைற் அடித்தபோது இரண்டு தேள். இரண்டும் மதிலின் மறுபக்கத்திலிருந்து வந்தவை. அங்கேயும் கட்டி முடியாத அறை ஒன்று, மதிலோரம் கல் அடுக்கு. வீட்டுக் கடனின் அடுத்த தவணை தைக்குப் பிறகுதான் வரும், அதுவரை கல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று வீட்டுக்காரர் கேட்டார். பரிசோதகர் மரச்சட்டத்தின் அளவைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, லைற்றை அன்றிரவு அவரிடமே விட்டுப் போனார்.